ஓ.கே. என்னும் சொல்லின் வரலாறு

ஆங்கிலம் பேசும் நாடுகளில் மட்டுமன்றி, ஆங்கிலம் அறியாதார் வாழும் நாடுகளிலும் பெருவழக்காய் வழங்கும் சொல் ஒன்று உண்டு. அஃது ஓ.கே. என்பது. உடன்பாடு, ஒப்புதல், நலம், நிறைவு, 'இனி அடுத்ததைக் கூறுக' என்னும் குறிப்பு ஆகிய அனைத்தையும் இவ்விரண்டு எழுத்துகளே உணர்த்திவிடுகின்றன. நம் நாட்டிலும் பேருந்து நடத்துநர் முதல் மருத்துவர் ஈறாகப் பலரும் இதனை எடுத்தாளக் காண்கின்றோம். 'சரி' என்னும் நல்ல சொல் இருக்கவும் இதனை நாடுவானேன் என வருந்துவாரும் உளர். அவ்வருத்தம் ஈண்டு ஆராய்ச்சிக்கு உரியதன்று. இச்சொல் எங்கே, எப்பொழுது, எக்காரணம் பற்றித் தோன்றிற்று என்பதும், அக்காரணம் நூறாண்டுகளுக்கு மேலாக மறைந்து கிடந்தது ஏன் என்பதுமே யாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருளாகும்.

சொல்லின் பொருளுக்குரிய காரணம் கேட்ட அளவிலே விளங்கித் தோன்றாது எனத் தொல்காப்பியனார் உரியியலுள் உரைத்துச் சென்றார். காரணமே இல்லை என்று அவர் கூறினாரல்லர். விளங்கித் தோன்றாத காரணத்தைத் தேடுவார் இரு வழிகளுள் ஒன்றைப் பற்றுவர். ஒன்று, ஒலியொப்புமையை நாடிச் செல்லுதல். மற்றொன்று, அச்சொல் வழங்கிய இடத்தையும் காலத்தையும் ஏடுகளில் தேடிக் காணுதல். முன்னையது எளிது, இருந்த இடத்திலிருந்தே செய்யலாம். பின்னையது கண்ணும் காலும் தேயச் செய்ய வேண்டுவது. ஓ.கே. என்பதன் வரலாற்றில் இவ்விரு வழிகளும் எதிரெதிர் நின்று பொருதன.

ஒலியொப்புமை வழியே சென்றார் கண்ட மூலங்களை எண்ணின் வியப்பே எஞ்சும். 'எல்லாம் நன்று' எனப் பொருள்படும் 'ஓலா கலா' என்னும் கிரேக்கத் தொடரின் முதலெழுத்துகளே இவை என்றார் ஒரு சாரார். ஸ்காட்லாந்து மக்களின் 'ஓக் ஐ' என்னும் உடன்பாட்டுச் சொல்லின் திரிபு என்றார் மற்றொரு சாரார். எயிட்டி நாட்டின் ஓகாய் என்னும் துறைமுகத்திலிருந்து வந்த நல்ல மதுவின் பெயரால் எழுந்தது என்றும், பின்லாந்து மொழியில் 'சரியானது' எனப் பொருள்படும் 'ஓய்க்கேயா' என்பதன் சிதைவு என்றும், சரக்குச் சீட்டுகளில் தம் பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்த ஒபதையா கெல்லி என்னும் இரயில்வே ஊழியரால் வந்தது என்றும் கூறுவாரும் உளர். அமெரிக்க உள்நாட்டுப் போரிற் படைவீரர்க்கு வழங்கிய ரொட்டிப் பெட்டிகளின் மேலிருந்த எழுத்து என்பதும், அப்போரில் 'இன்று மாண்டார் எவருமிலர்' என்பதைச் சுழியம் இட்டுக் குறித்த எழுத்து என்பதும் வேறு கதைகள். தந்திக்காரர் படைத்த குறி என்பது இன்னொன்று.

இவற்றுட் பலவற்றை மறுத்தற்கு மொழியறிவுகூட வேண்டுவதில்லை. நாட்காட்டி ஒன்றே போதும். அமெரிக்க உள்நாட்டுப் போர் நிகழ்ந்தது 1861 முதல் 1865 வரை. மோர்ஸ் என்பார் வாசிங்டனிலிருந்து பால்டிமோருக்குத் தந்திச் செய்தி விடுத்தது 1844-ஆம் ஆண்டில். ஓ.கே. என்பதோ 1840-இல் நியூயார்க்கு நகரத் தெருக்களில் முழக்கமாகவே ஒலித்தது. மகன் பிறந்து பல்லாண்டு கழிந்தபின் தந்தை பிறந்தார் என்பது பொருந்தாது. கிரேக்கம், பின்லாந்து மொழி ஆகியவற்றிலிருந்து வந்தது என்பார்க்கு நாள் தடையன்று, வழியே தடை. அம்மொழி பேசினாரிடமிருந்து அமெரிக்கச் செய்தித்தாளுக்கு அச்சொல் வந்த வழியைக் காட்டும் ஏடு ஒன்றையும் அவர்கள் காட்டினாரல்லர்.

இச்சொல்லின் பிறப்பை ஏட்டுச் சான்றால் நிறுவியவர் ஆலன் வாக்கர் ரீடு என்னும் அமெரிக்க அறிஞர். 1906-இல் மின்னசோட்டா மாநிலத்திற் பிறந்து, நியூயார்க்கு நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராய் விளங்கி, 2002-இல் மறைந்தவர். உயர்ந்தோர் ஏற்றுப் போற்றாத பொதுமக்கள் வழக்குகளையே தம் வாழ்நாள் ஆராய்ச்சிக்குப் பொருளாகக் கொண்டவர். 1941-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இலக்கிய வார இதழ் ஒன்றில் அவர் எழுதிய கட்டுரையில், இச்சொல் 1840-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஓர் அரசியற் கழகத்தின் பெயராய் எழுந்தது எனக் காட்டினார். அத்துடன் அவர் அமைந்திருப்பின், அவர்க்குக் கிடைத்த புகழுக்குக் குறைவொன்றும் நேர்ந்திராது. ஆயின் அவர் பழைய செய்தித்தாள்களைத் தொடர்ந்து படித்துவந்தார். 1963, 1964-ஆம் ஆண்டுகளில் 'அமெரிக்கன் ஸ்பீச்' என்னும் ஆய்விதழில் ஆறு கட்டுரைகளாகத் தம் முடிபுகளை வெளியிட்டபோது, முன்னர்த் தாம் கூறியதையே திருத்தி, அச்சொல்லின் பிறப்பை ஓராண்டு முன்னே, வேறோர் ஊருக்குக் கொண்டு சென்றார். தாம் நாட்டிய கொடியைத் தாமே பிடுங்கி நடுவார் ஆராய்ச்சி உலகில் மிகச் சிலரே ஆதலின், இதனை விதந்து கூறினோம்.

அவ்வூர் பாஸ்டன். நாள் 1839-ஆம் ஆண்டு மார்ச்சு 23. 'பாஸ்டன் மார்னிங் போஸ்டு' என்னும் நாளிதழின் இரண்டாம் பக்கத்தில், அதன் ஆசிரியர் சார்லசு கார்டன் கிரீன் என்பார் வேடிக்கைக் குறிப்பு ஒன்றை வெளியிட்டார். பாஸ்டன் நகரத்தில் உணவு வேளையை அறிவிக்கும் மணிகளை அடித்தலாகாது என நகராட்சியார் விதித்த தடையொன்றைப் பற்றிக்கொண்டு, 'மணியடித்தல் எதிர்ப்புச் சங்கம்' என்று ஒன்றைச் சிலர் விளையாட்டாக அமைத்திருந்தனர். அச்சங்கத்தாருட் சிலர் கப்பலில் நியூயார்க்குக்குச் சென்றனர். அவர்கள் தம் ஊர் வழியாகச் செல்வர் எனப் பிராவிடென்சு நகரத்துப் பத்திரிகையாசிரியர் தவறாக எழுதிவிட்டார். அவரை எள்ளி நகையாடிய கிரீன், சங்கத் தலைவருள் ஒருவர் திரும்பும்போது அவ்வூர் வழியே வருவாராயின், அப்பத்திரிகையாசிரியர் எல்லாவற்றையும் ஓ.கே. ஆக்கி வைத்துப் புட்டி மூடிகளைப் பொறிபோல் பறக்கவிடுவார் என்னும் கருத்துப்பட எழுதினார். ஓ.கே. என்னும் எழுத்துகளை அடுத்தே, அவற்றின் பொருள் 'எல்லாம் சரி' என்பதையும் சொற்களால் விரித்துக் காட்டினார். இன்றளவும் கிடைத்த சான்றுகளுள் ஐயத்துக்கு இடமின்றி முற்பட்டது இதுவே.

ஈண்டு ஒரு தடை எழும். ஆங்கிலத்தில் 'எல்லாம் சரி' எனப் பொருள்படும் 'ஆல் கரெக்ட்' என்னும் தொடரின் முதலெழுத்துகள் ஏ, சி என்பனவேயன்றி ஓ, கே என்பன அல்ல. கிரீன் தம் விளக்கத்திலும் அத்தொடரைப் பிழையின்றியே எழுதியுள்ளார். அவ்வாறாயின் ஓ, கே என்னும் எழுத்துகள் எங்ஙனம் வந்தன? இவ்வினாவுக்கு விடை கண்டதே ரீடு அவர்களின் உண்மையான வெற்றி என யாம் கருதுகின்றோம். நாளைக் கண்டறிதல் பொறுமையால் முடியும். எழுத்தின் காரணத்தைக் காண அச்சொல்லின் சுற்றத்தையெல்லாம் காணல் வேண்டும்.

1838-ஆம் ஆண்டில் பாஸ்டன் பத்திரிகையாளரிடையே சொற்றொடர்களை முதலெழுத்துகளாற் சுருக்கி வழங்கும் விளையாட்டுக் காய்ச்சல்போற் பரவியது. 'பலிக்காது' என்பதற்கு என்.ஜி. என்றனர். கடன் கொடுத்தாருக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடினவனை, டெக்சாசு சென்றான் எனப் பொருள்பட ஜி.டி. என்று குறித்தனர். மதிப்பற்ற ஆளைச் 'சிறிய உருளைக்கிழங்கு' என்னும் பொருளில் எஸ்.பி. என்றனர். சுருக்கத்தோடு நில்லாது, சொல்லை வேண்டுமென்றே பிழைபட எழுதி அப்பிழையின் முதலெழுத்தைக் கொள்ளுதல் அடுத்த படியாயிற்று. 'பயனில்லை' எனப் பொருள்படும் தொடரிலுள்ள 'நோ' என்னும் எதிர்மறையை, 'அறி' எனப் பொருள்படும் வேறொரு 'நோ'வாக எழுதினர். அச்சொல்லின் முதலில் ஒலியாத கே எழுத்து நிற்கும். ஆகவே 'பயனில்லை' என்பது கே.ஒய். ஆயிற்று. 'எல்லாம் செம்மை' எனப் பொருள்படும் 'ஆல் ரைட்' என்பதும் இங்ஙனமே, முதற்சொல்லில் ஓ எழுத்தையும், இரண்டாம் சொல்லின் முன் ஒலியாத டபிள்யூ எழுத்தையும் பெற்று, ஓ.டபிள்யூ. ஆயிற்று. ஓ.கே. என்பது இவ்வோ.டபிள்யூ. என்பதன் உடன்பிறப்பு. அஃது ஆல் ரைட். இஃது ஆல் கரெக்ட். இரண்டிலும் 'ஆல்' என்பது ஓ எழுத்தால் எழுதப்பட்டது. 'கரெக்ட்' என்பதன் சி எழுத்து கே எழுத்தாக மாற்றப்பட்டது.

இவ்வேடிக்கையின் சுவையைத் தமிழில் உணர வேண்டின், 'எல்லாம் சரி' என்பதை எழுத்தறியாதான் ஒருவன் 'யெல்லாம் ஷரி' என எழுதியதாகக் கொண்டு, அதனைப் பின்னும் சுருக்கி 'யெ.ஷ.' என்று கற்றார் சிலர் தமக்குள் கூறிச் சிரிப்பதாக எண்ணிப் பார்க்கலாம். 'சரி' என்று கூற வந்த சொல்லே சரியில்லாமல் எழுதப்பட்டிருத்தலே அதன் நகை. அக்காலத்து அமெரிக்கச் செய்தித்தாள்களில், சீபா சுமித்து என்பார் படைத்த ஜாக் டௌனிங் போன்ற நாட்டுப்புற மாந்தர் கொச்சை நடையில் எழுதுவதாக அமைந்த கடிதங்கள் பெரிதும் விரும்பிப் படிக்கப்பட்டன. பிழையெழுத்து அந்நாளில் ஒரு நகைச்சுவை அணியாகவே இருந்தது.

ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்கும் இத்தகைய சொல்லை நம் இலக்கண நூலார் குழூஉக்குறி எனப் பெயரிட்டுத் தகுதி வழக்கின் பாற்படுத்தினர். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதையும், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பதையும் உரையாசிரியர் எடுத்துக்காட்டுவர். குழூஉக்குறியின் இயல்பு குழுவோடு மாய்வது. கே.ஒய். மாய்ந்தது; ஓ.டபிள்யூ. மாய்ந்தது, அவற்றை இன்று ஆய்வாளரன்றிப் பிறர் அறியார். ஓ.கே. ஒன்று மட்டும் மாயாது நின்றதற்கு அதன்பாலுள்ள சிறப்பு யாதும் காரணமன்று. அடுத்த ஆண்டில் ஒரு தேர்தல் வந்ததே காரணம்.

1840-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைவராய் இருந்தவர் டெமாக்ரடிக் கட்சியைச் சார்ந்த மார்ட்டின் வான் பியூரன். அவர் 1782-இல் நியூயார்க்கு மாநிலத்துக் கிண்டர்ஹூக் என்னும் சிற்றூரிற் பிறந்தவர். டச்சுக்காரர் குடியேறிய ஊர் அது. 'குழந்தைகள் மூலை' என்பது அப்பெயரின் பொருள். வான் பியூரனுக்குத் தாய்மொழியும் டச்சு மொழியே. ஆங்கிலம் தாய்மொழியாகப் பெறாத அமெரிக்கத் தலைவர் அவர் ஒருவரே. மறுமுறையும் தேர்தலில் நின்ற அவரை ஆதரிக்க நியூயார்க்கு நகரத்தில் அக்கட்சியினர் ஓ.கே. கழகம் என ஒன்றை நிறுவினர். அதன் முதற்கூட்டம் மார்ச்சு 24-ஆம் நாள் கிராண்டு தெருவிலுள்ள ஒரு வீட்டில் நடைபெறும் என்னும் அறிவிப்பு, அதற்கு முந்திய நாள் 'நியூ ஈரா' இதழில் வெளிவந்தது. பாஸ்டன் இதழில் ஓ.கே. முதலில் அச்சேறிய நாளுக்குச் சரியாக ஓராண்டு கழித்து அவ்வறிவிப்பு வந்தமை வெறும் தற்செயலே. சில நாட்களில் அக்கழகத்தார் எதிர்க்கட்சியாகிய விக் கட்சியினரின் கூட்டத்துட் புகுந்து குழப்பம் விளைத்தனர். அப்பொழுது அவர்கள் எழுப்பிய போர்முழக்கம் ஓ.கே. என்பதே. இக்கழகத்தின் பெயருக்குப் 'பழைய கிண்டர்ஹூக்' என்பதே விரிவு என்பது, மே மாதத்தில் அக்கட்சியினரின் மார்பு அணியொன்றைப் பற்றிய அறிவிப்பில் வெளிப்பட்டது. அவ்விரண்டு மாதங்கள் அதன் பொருளை அறியாத எதிர்க்கட்சியினர் பட்டபாடு பெரிது.

அறியாதவிடத்து அவர்கள் பொருளைத் தாமே படைத்தனர். 1837-இல் நேர்ந்த பொருளாதார வீழ்ச்சியால் வான் பியூரன்மேல் மக்கள் வெறுப்புற்றிருந்த காலம் அது. ஆதலின், கையிற் காசும் இல்லை, கடன் நம்பிக்கையும் இல்லை, ஒழுக்கமும் இல்லை என விரியுமாறு, பிழையெழுத்தாலேயே அவ்வெழுத்துகளுக்கு உரை வகுத்தனர். எழுத்தைத் திருப்பிக் கே.ஓ. என்று எழுதி 'உதைத்து வெளியேற்றப்பட்டார்' என்றனர். தேர்தலில் விக் கட்சியின் ஹாரிசன் 234 தேர்வாளர் வாக்குகளும் வான் பியூரன் 60 வாக்குகளும் பெற்றனர். கழகத் தலைவர் தோற்றார்; கழகத்தின் பெயர் வென்றது. ஒரு நகரத்துப் பத்திரிகையாளரின் நகைப்பாய் இருந்த எழுத்துகள், எட்டு மாதங்களுள் நாடெங்கும் நண்பராலும் பகைவராலும் ஓயாது கூறப்பட்டுவிட்டன. அன்பால் வழங்கினாரினும் வசைக்காக வழங்கினாரே இச்சொல்லைப் பெரிதும் பரப்பினர் எனக் கொள்ள இடமுண்டு.

இத்தேர்தற் பூசலிற் பிறந்த ஒரு பொய்யே பின்வந்த ஆராய்ச்சியாளரை நெடுங்காலம் வழிமயக்கியது. வான் பியூரனுக்கு முன்னர் நாட்டுத் தலைவராய் இருந்தவர் ஆன்ட்ரூ ஜாக்சன். போர்வீரராய் உயர்ந்த அவர் எழுத்துப்பிழை மிகச் செய்பவர் என்பது பகைவர் பரப்பிய இகழ்ச்சி. 1840-ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் 'நியூயார்க்கு ஹெரால்டு' இதழ் ஒரு கதையை வெளியிட்டது. ஆமோசு கெண்டல் என்பார்மேல் எழுந்த குற்றச்சாட்டை ஆராய்ந்த ஜாக்சன், ஏடுகளெல்லாம் சரியாய் இருக்கக் கண்டு, அவற்றின்மேல் ஓ.கே. எனக் குறிக்குமாறு பணித்து, 'ஆல் கரெக்ட்' என்பதைக் கொச்சையாகக் கூறினாராம். ஜாக்சன் அங்ஙனம் எழுதிய ஏடு ஒன்றும் இன்றுவரை கிடைத்திலது. ஆயினும் கதை நின்றது. அதில் வியப்பில்லை, பாஸ்டன் பத்திரிகையாளர் பலர் கூடிச் செய்த வேடிக்கையைவிட, நாட்டுத் தலைவர் ஒருவர் செய்த பிழை நினைவில் எளிதாக நிற்கும். இரு எழுத்துகளுக்கு ஒரு பெரியவரின் பெயரைச் சார்த்திவிடின், அப்புறம் அவற்றைப் பற்றி வினவுவார் இலர். நம் தனிப்பாடற் கதைகளைக் கற்றார் இதனை நன்கு அறிவர்.

பொய்க்குச் சான்றும் தேடப்பட்டது. டென்னசி மாநில வரலாற்றை எழுதிய புட்னம் என்பார், 1790-ஆம் ஆண்டு நீதிமன்றப் பதிவேடு ஒன்றை 1859-இல் எடுத்துக்காட்டினார். அடிமை மனிதர் ஒருவரை விற்ற பத்திரத்தை மெய்ப்பிக்க ஜாக்சன் மன்றத்தில் தோன்றிய செய்தி அப்பதிவிலுள்ளது. அதன் இறுதியில் ஓ.கே. என்னும் எழுத்துகள் காணப்படுகின்றன என்றார் அவர். மூல ஏட்டை மீண்டும் ஆராய்ந்தோர், அங்குள்ளது ஓ.ஆர். எனக் கண்டனர். 'பதிவு செய்ய ஆணையிடப்பட்டது' என்பதன் சுருக்கம் அது. எழுதுவோன் கையெழுத்தால் ஆர் எழுத்து கே போலத் தோன்றியது. ஏட்டுச்சுவடிகளிற் ககரமும் தகரமும் மயங்க, பாடவேறுபாடு எழுதிப் பதிப்பித்தார்க்கு இவ்விடர் புதிதன்று.

இதனை ஒத்த இன்னொரு சான்று, பாஸ்டன் நகரத்து வணிகர் வில்லியம் ரிச்சர்ட்சன் 1815-ஆம் ஆண்டு நியூ ஆர்லியன்சுக்குச் சென்றபோது எழுதிய நாட்குறிப்பு. பிரின்ஸ்டன் என்னும் அழகிய ஊரைக் கடந்து டிரென்டனை அடைந்தமை கூறுமிடத்து, இடையே இவ்விரண்டு எழுத்துகள் நிற்பது போல் தோன்றுகிறது. 1839-க்கு இருபத்து நான்கு ஆண்டு முற்பட்ட சான்று என இதனைப் போற்றினர். கையெழுத்துப் படியை உற்று நோக்கினார் கண்டது வேறு. முந்திய வரியில் எழுதிய அடைமொழித் தொடரையே மறுபடியும் எழுதத் தொடங்கிய ரிச்சர்ட்சன், முதலிரண்டு எழுத்துகளோடு நிறுத்தித் திருத்தியிருக்கின்றார், அக்குறைச்சொல்லே ஓ.கே. எனப் படிக்கப்பட்டது. அவ்விடத்தில் அச்சொல்லுக்கு யாதொரு பொருளும் பொருந்தாமையும் நோக்கற்பாலது.

இனி, கற்றார் பலர் ஏற்ற மூலம் ஒன்று உண்டு. அமெரிக்கப் பழங்குடியினருள் சாக்டா மக்களின் மொழியில் 'அஃது அவ்வாறே' என்னும் பொருள் தரும் 'ஓக்கே' என்னும் சொல் உள்ளது என்றும், அதனை ஜாக்சன் அவர்களிடமிருந்து கற்றார் என்றும் கூறினர். நாட்டுத் தலைவராய் 1913 முதல் 1921 வரை இருந்தவரும் பேராசிரியருமாகிய உட்ரோ வில்சன் இக்கொள்கையை நம்பி, தாம் ஒப்புதல் அளிக்கும் ஏடுகளில் அப்பழங்குடிச் சொல்லின் எழுத்து முறையையே பின்பற்றி எழுதினார். 1918-இல் நியூயார்க்கில் ஆட்டோ கே. இ. ஹைனிமன் என்பார் தொடங்கிய இசைத்தட்டு நிறுவனமும், அவர் பெயரின் முதலெழுத்துகளுக்கு வாய்ப்பாக அமைந்த அவ்வெழுத்து முறையையே தன் பெயராகக் கொண்டது. பழங்குடி மக்களிடமிருந்து அமெரிக்க ஆங்கிலம் பெற்ற சொற்கள் பல. ஆதலின் இக்கொள்கை தன்னளவிற் பொருந்தாததன்று. ஆயின் 1839-க்கு முன்னர் ஆங்கிலம் பேசுவார் அச்சொல்லை எடுத்தாண்டமைக்கு ஏட்டுச் சான்று இல்லை. 1839-இல் அதனை அச்சிட்ட பாஸ்டன் நகரத்தாருக்கும் தென்னாட்டுச் சாக்டா மக்களுக்கும் இடையே வழியும் இல்லை.

ஆப்பிரிக்க மூலத்தைப் பற்றிய கொள்கையை இவ்வாறு விரைந்து கடத்தல் தகாது. லண்டன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த டேவிட் டால்பி என்பார், மேற்கு ஆப்பிரிக்காவில் வழங்கும் ஓலொப் மொழியில் 'ஆம்' எனப் பொருள்படும் 'வாவ்' என்பதோடு 'கே' என்னும் தேற்ற இடைச்சொல் சேர்ந்து 'வாவ் கே' என வருதலையும், மாண்டிங்கோ மொழியில் அதனையொத்த தொடர் உண்மையையும் எடுத்துக்காட்டினார். அடிமைகளாய்க் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் நாவிலிருந்தே அமெரிக்க ஆங்கிலம் இச்சொல்லைப் பெற்றது என்பது 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் வெளியிட்ட முடிபு. 1784-இல் வெளிவந்த சுமித்து என்னும் ஆங்கிலேயரின் பயண நூலில், வட கரோலினாவைச் சார்ந்த அடிமை ஒருவர் பேசியதாக உள்ள பகுதி 'கே' என்னும் இடைச்சொல்லோடு தொடங்குகின்றது.

இக்கொள்கையின் பின்னே நிற்கும் முறையீடு வலிமையுடையது. ஏட்டுச் சான்று வேண்டும் என்கின்றோம். ஏடு யாருடையது? அச்சகமும் செய்தித்தாளும் பாஸ்டன் கனவான்களுடையன. எழுதக் கற்பித்தலே குற்றம் எனத் தென்மாநிலங்கள் பலவற்றிற் சட்டம் இயற்றப்பட்ட அம்மக்கள் தம் சொல்லை எந்த ஏட்டில் எழுதி வைத்திருக்க முடியும்? பிறர் ஏட்டில் அவர்கள் பேச்சு ஏறியது, பெரும்பாலும் நகைப்புக்காகவோ குற்ற விசாரணைக்காகவோதான். ஆகவே ஏடு இல்லை என்பதால் சொல்லும் இல்லை எனத் துணிதல், இவ்விடத்து ஒரு தீங்கின் மேல் மற்றொரு தீங்காக முடியக்கூடும். இதனை உணராது டால்பி அவர்களை எள்ளிய சிலர் நெறியில் யாம் செல்லோம்.

எனினும் முறையீடு வேறு, மெய்ப்பிப்பு வேறு. டால்பி காட்டிய சான்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து 1981-இல் ஆராய்ந்தவர் பிரெடரிக் காசிடி. அவர் ஜமெய்க்காவிற் பிறந்தவர்; அந்நாட்டு மக்கள் பேசும் ஆங்கிலத்துக்கு 1967-இல் வெளிவந்த பேரகராதியின் ஆசிரியர் இருவருள் ஒருவர்; ஆப்பிரிக்கச் சொற்கள் ஆங்கிலத்திற் புகுந்தமையை மறைக்க விரும்புவார் அல்லர். 'கே', 'கீ' என அடிமை மக்கள் பேச்சாய்ப் பதிவாகியுள்ளவை வியப்பையும் நகையையும் உணர்த்தும் இடைச்சொற்களே என்றும், அவை உடன்பாட்டுப் பொருளில் வந்த இடம் காணப்படவில்லை என்றும் அவர் காட்டினார். மேலும், வெண்டைக்காய்க் குழம்புக்குரிய 'கம்போ', நிலக்கடலைக்குரிய 'கூபர்' போன்ற ஆப்பிரிக்கச் சொற்கள் அமெரிக்க ஆங்கிலத்தில் நிலைபெற்றமைக்கு, அச்சொற்கள் அம்மக்கள் வாழ்ந்த தென்மாநிலங்களிற் பயின்று வருதலே சான்றாகின்றது. ஓ.கே. அங்குத் தோன்றவில்லை; பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் தோன்றி, முற்றுப்புள்ளிகளோடு கூடிய முதலெழுத்துச் சுருக்கமாகவே, பொருள் விரித்துரைக்கப்பட்டு, தன் இனத்துப் பிற சுருக்கங்களோடு ஒரே காலத்தில் அச்சேறிற்று. ஆதலின் ரீடு அவர்களின் முடிபையே யாம் ஏற்கின்றோம். 'வாவ் கே' எனப் பேசிப் பழகிய நாவுக்கு ஓ.கே. என்னும் புதுச்சொல் எளிதில் இயைந்திருக்கலாம் என்பதை மறுக்கத் தேவையில்லை. அஃது அச்சொல்லின் பரவலுக்குரிய செய்தி, பிறப்புக்குரியதன்று.

தேர்தலுக்குப் பின்னர் இச்சொல் தொழிலிடங்களிற் குடிபுகுந்தது. ஜாக்சனைப் பற்றிய கதையே அதற்கு வழி வகுத்தது எனலாம். நாட்டுத் தலைவர் ஏட்டின்மேல் ஓ.கே. எனக் குறித்தார் என்று நம்பினார், தாமும் கணக்கேட்டின் மேலும் சரக்குச் சீட்டின் மேலும் அங்ஙனமே குறிக்கலாயினர். தந்தி பரவியபோது, செய்தி வந்து சேர்ந்தது என்பதை உணர்த்த இரண்டெழுத்துக் குறி ஒன்று வேண்டியிருந்தது. இஃது ஆயத்தமாய் இருந்தது. தந்திக்காரர் இதனைப் படைத்தாரல்லர், எடுத்துக்கொண்டனர்.

நூலாசிரியர் மட்டும் நெடுங்காலம் இதனைத் தீண்டவில்லை. லூயிசா மே ஆல்காட் என்னும் அம்மையார் எழுதிய 'சிறிய பெண்கள்' என்னும் புதினத்தின் இரண்டாம் பகுதி 1869-இல் வெளிவந்தது. அதில் ஏமி என்னும் இளம்பெண் ஐரோப்பாவிலிருந்து வீட்டுக்கு எழுதும் கடிதத்தில், தான் செல்வரை மணந்து எல்லாவற்றையும் நன்கு அமைத்துவிடுவதாகக் கூறுமிடத்து இச்சொல் முதற்பதிப்பில் நிற்கின்றது. 1880-ஐ ஒட்டி வந்த திருந்திய பதிப்பில் அவ்விடத்து இச்சொல் நீக்கப்பட்டு, 'இதமானது' எனப் பொருள்படும் வேறொரு சொல் வைக்கப்பட்டுள்ளது. குடும்பத்தார்க்கு எழுதும் கடிதத்தில் இளம்பெண் ஒருத்தி வழங்குவது இயல்பே ஆயினும், நூலில் நிற்கத் தகாத சொல் என்பது, அது பிறந்து நாற்பதாண்டு கழிந்தும் பதிப்பித்தார் கொண்டிருந்த எண்ணம் என்பது அத்திருத்தத்தால் அறியப்படும்.